ஃபிட்னஸ்காரரின் ரத்தம்

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் ஃபிட்னஸ்காரர் என்றுதான் சொல்வார்கள். புதிதாக வருகிறவர்கள் அவரைப் பார்த்ததும் சிரித்துவிடுவார்கள். சட்டையின் நடுப்பொத்தான் எந்த நேரமும் தெறித்து நம் கண்ணில் விழுமோ என்று பயம் வரும், அப்படி ஒரு வயிறு. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். இவருக்கா ஃபிட்னஸ் என்று யாராவது கேட்டால் அத்தான் கோபித்துக்கொள்ள மாட்டார். "எனக்கு இல்லைங்க, வண்டிக்கு" என்பார்.

வண்டிக்குத்தான். பேருந்து, லாரி, பள்ளிக்கூட வேன் என்று வாடகைக்கு ஓடுகிற எந்த வண்டியையும் வருஷத்துக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டரிடம் காட்டி, ஓடத் தகுதியானது என்று சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தச் சோதனைக்குப் பெயர்தான் ஃபிட்னஸ். தேதி நெருங்கியதும் முதலாளிகள் அத்தானின் பட்டறையில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வருஷம் முழுக்கக் கண்டபடி ஓடி அலங்கோலமாக வரும் வண்டியை அவர் சில நாளில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆக்கி அனுப்புவார்.

அதில் பாதி கண்கட்டு வித்தை. தேய்ந்து வழவழத்துப்போன டயரைக் கழற்றிவிட்டு வேறொரு வண்டியின் நல்ல டயரை மாட்டுவார். சோதனை முடிந்ததும் அது தன் சொந்த வண்டிக்குத் திரும்பிவிடும். தீயணைக்கும் சிலிண்டர் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எங்கள் பக்கத்துப் பேருந்துகளில் பாதியில் அது முறை வைத்துப் பயணம் செய்திருக்கிறது. புகை கக்கும் இஞ்சினில் கெட்டியான ஆயிலை ஊற்றினால் புகை கொஞ்ச நாள் அடங்கும். அடிப்பக்கத்தை மண்ணெண்ணெயில் கழுவிக் கறுப்புப் பெயிண்ட் அடித்தால் துரு தெரியாது. இன்ஸ்பெக்டருக்கும் இதெல்லாம் தெரியாமல் இல்லை. அவர் அன்றைக்குக் கண்ணால் பார்ப்பதைத்தான் எழுத முடியும்.

பிரேக்கில் மட்டும் அத்தான் இந்த வேலையைக் காட்ட மாட்டார். புது பிரேக் லைனிங் போடச் சம்மதிக்காத முதலாளியின் வண்டியைத் தொடவே மாட்டார். "மத்ததெல்லாம் மேக்கப்பு. இது உயிரு" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த ஒரு விஷயத்தில் அவரை நான் மதித்தேன். மற்றபடி எங்கள் இருவருக்கும் எப்போதும் வாய்ச்சண்டைதான்.

நான் பட்டறைக்கு எதிர்ப்பக்கம் டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்குவது, ஃபோன் எடுப்பது, ரிவர்ஸ் போகத் தெரியாமல் அழுகிறவர்களைத் தேற்றுவது எல்லாம் என் பொறுப்பு. என் மேஜையில் உட்கார்ந்தால் பட்டறை வாசலும், வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யத் தோண்டிய குழியும், ஒட்டினாற்போல் இருக்கும் டீக்கடையும் நேராகத் தெரியும். குடியிருப்பதும் அக்கா வீட்டு மாடியறையில். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்களைக் கேட்டுத்தான் அத்தான் எனக்கு வக்கீலம்மா என்று பெயர் வைத்தார்.

ஐம்பது வயதுகூட ஆகாதபோது அவருக்கு முதல் முறை நெஞ்சு வலி வந்தது. அடைத்திருந்த ரத்தக்குழாயை விரித்து உள்ளே ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். சிகரெட்டை அன்றோடு விட்டார். கொழுப்பு மாத்திரையை ஒரு நாள் தவறாமல் விழுங்கினார். இரண்டாவது முறை பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, கெட்ட கொலஸ்ட்ரால் நன்றாக இறங்கிவிட்டது என்றார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்குள் டாக்டரம்மா விரலை இன்னொரு வரிக்கு நகர்த்தினார்.

"ஆனா இந்த டிரைகிளிசரைடு ஜாஸ்தியா இருக்கு. இதுவும் ரத்தத்துல இருக்கிற ஒரு கொழுப்புதான். சர்க்கரை, மது, பொரிச்சது, இதெல்லாம் இதை ஏத்தும். இன்னைக்கோ நாளைக்கோ ஒண்ணும் ஆயிடாது. ஆனா ஏற்கெனவே இதயத்துல கோளாறு வந்தவங்களுக்கு இது இப்படியே இருந்தா, வருஷக்கணக்குல பார்க்கும்போது ஆபத்து கூடிக்கிட்டே போகும். பத்தியமா இருங்க" என்றார்.

அத்தான் காதில் விழுந்தது நடு வாக்கியம் மட்டும். வெளியே வந்ததும் என்னிடம், "இன்னைக்கோ நாளைக்கோ ஒண்ணும் ஆகாதாம். ரத்தத்துல கொஞ்சம் கிரீஸ் ஜாஸ்தி, அவ்வளவுதான்" என்றார். டிரைகிளிசரைடு என்று சொல்ல அவருக்கு நாக்கு புரளவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதன் பெயர் கிரீஸ்.

அக்கா காதில் விழுந்தது கடைசி வார்த்தை. பத்தியமா இருங்க. எப்போது? அதை டாக்டரம்மா சொல்லவில்லை, எப்போதும் என்பது அவருக்கு அவ்வளவு வெளிப்படை. ரத்தம் எடுக்கிற இடத்தில் இருந்தவன்தான் சொன்னான். அடுத்த முறை வரும்போது வெறும் வயிற்றோடு வாருங்கள், முன்கூட்டியே எண்ணெய், இனிப்பு, மது எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள் என்றான். அக்காவுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. பத்தியம் என்றால் டெஸ்ட்டுக்கு முந்தைய பத்தியம்.

அவளைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம். இருபது வருஷமாக ஃபிட்னஸ்காரரோடு குடும்பம் நடத்துகிறவள். அவள் வீட்டில் எதற்குமே தேதி உண்டு, தேதிக்கு முன்னால் தயாரிப்பு உண்டு, தேதி முடிந்தால் பழைய கதை உண்டு. ஒரு வண்டி வருஷம் முழுக்கப் பளபளவென்று இருக்க வேண்டும் என்று யாரும் அந்த வீட்டில் பேசிக் கேட்டதே இல்லை.

அதனால் ஆறு மாசத்துக்கு ஒரு முறை எங்கள் வீட்டில் டெஸ்ட் வாரம் வரும். அக்கா சர்க்கரை டப்பாவைப் பூட்டி வைப்பாள். வேகவைத்த காய், காய்ந்த ரொட்டி, தோல் உரித்த கோழி, அதுவும் எண்ணெய் காட்டாமல். மத்தியானச் சாப்பாட்டை அவளே பட்டறைக்குக் கொண்டுவந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். டீக்கடைக்காரரிடம் போய், "இந்த வாரம் அவருக்கு டீ கிடையாது, சொல்லிட்டேன்" என்று எச்சரித்துவிட்டு வருவாள். அத்தான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிப்பேன். பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார் பண்ணுகிற தாய்கூட அவ்வளவு பாடுபட மாட்டாள்.

அந்த வாரம் முடிந்து ரிப்போர்ட் வரும். கிரீஸ் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பயப்படும்படி இருக்காது. "பரவாயில்லையே, இப்படியே இருங்க" என்பார் டாக்டரம்மா. அக்கா முகம் மலர்ந்துவிடும். அவளுக்கு உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான். எங்கள் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது அவள்தான் பக்கத்தில் இருந்தாள், பதினாலு வயது. அத்தானுக்கு வலி வந்ததிலிருந்து அவர் தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. நல்ல ரிப்போர்ட் வந்தால் சில மாசம் விரல் வைக்காமல் தூங்குவாள்.

ரிப்போர்ட் வந்த மறுநாளே சர்க்கரை டப்பாவின் பூட்டு கழன்றுவிடும். நாள் முழுக்க டீ. அத்தான் குடிப்பது டீ இல்லை, பாகு. அடியில் கரையாமல் நிற்கிற சர்க்கரையைக் கடைசியில் விரலால் வழித்து நக்குவார். வண்டி பாஸாகிவிட்டால் முதலாளிகள் சாயங்காலம் பாட்டிலோடு வருவார்கள், பொரித்ததும் வறுத்ததும் பொட்டலம் பொட்டலமாக வரும். எங்கள் பக்கத்தில் எத்தனை பேருந்து ஓடுகிறதோ அத்தனை விருந்து.

"ஒரு வாரம் சந்நியாசி, மிச்ச நாள் ராஜாவா?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"வக்கீலம்மா, கோர்ட் எதிர்ப்பக்கம்" என்று அத்தான் என் ஆபீஸைக் காட்டுவார். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். டாக்டரே திருப்தியாகச் சொல்லும்போது டிரைவிங் ஸ்கூல்காரிக்கு என்ன தெரியும்? உண்மையில் எனக்கும் ஒன்றும் தெரியாதுதான். அவருக்குத் தெரிந்திருந்தது என்று மட்டும் இன்றைக்கும் சொல்வேன். ஊரையே ஒரு நாள் அலங்காரத்தில் ஓட்டியவருக்குத் தன் ரிப்போர்ட் எப்படித் தயாரானது என்று தெரியாமல் போகுமா? அக்காவுக்குத்தான் நிஜமாகவே தெரியாது. ஏழு வருஷம் இப்படிப் போனது.

ஒரு மழைக்கால மத்தியானம் லாரிக்கு அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டையைக் கழற்றும்போது அது நழுவி அவர் முன்கையைக் கிழித்துவிட்டது. ரத்தம் கொட்டியது. நான் ரோட்டைக் கடந்து ஓடினேன். டிரைவிங் ஸ்கூல் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனோம். நரம்பு வெட்டுப்பட்டிருக்கிறது, சின்ன ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லி ரத்தம் எடுத்தார்கள். அக்கா வந்து சேர்ந்தாள். மூன்று பேரும் வார்டில் காத்திருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிற பெண் கையில் ஒரு கண்ணாடிக் குழாயோடு வந்தாள். சிவப்பெல்லாம் அடியில் தங்கியிருந்தது. மேலே மஞ்சள் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டுமாம். அது வெள்ளையாக, கலங்கலாக இருந்தது, பால் கலந்த மாதிரி.

"இவருக்குக் கொழுப்புக்கு யார் வைத்தியம் பார்க்கறாங்க?" என்று கேட்டாள்.

அக்கா அந்தக் குழாயைப் பார்த்தபடி நின்றாள். "இது வேற யாரோடதோ" என்றாள். 

அத்தான் என்ன சொன்னார் தெரியுமா? படுக்கையில் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, அத்தனை வலியிலும், "சொல்லாம கொள்ளாம எடுத்தா எந்த வண்டிதான் பாஸாகும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கே வரவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்ததால் இருக்கலாம் என்று மறுநாள் காலையில் வெறும் வயிற்றில் திரும்ப எடுத்தார்கள். நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டியது அறுநூற்றைத் தாண்டியிருந்தது. அவருடைய டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் வரவழைத்துப் புரட்டினார். "போன தடவைகூட நல்லா இருந்ததே. எப்படி இவ்வளவு ஏறிச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

தன் மேல் தப்பு வந்துவிடக் கூடாதே என்று அக்கா முந்திக்கொண்டாள். "பத்தியத்துல நான் குறை வைக்கிறதே இல்ல டாக்டர். டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சிடுவேன். சர்க்கரையைக் கண்ணுல காட்ட மாட்டேன். கடைக்காரன்கிட்டகூடச் சொல்லி வெச்சிருக்கேன்."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "மத்த நாள்ல?"

"மத்த நாள்ல எதுக்கு டாக்டர்? அப்போதான் டெஸ்ட் இல்லையே."

அக்கா எங்கள் மூவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. எது என்று புரியவில்லை.

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். "இது அப்பப்போ சாப்பிடறதைப் பொறுத்து சீக்கிரமா ஏறி இறங்கற கொழுப்பும்மா. ஒரு வாரம் வாயைக் கட்டினா டெஸ்ட்டுல இறங்கித்தான் காட்டும். அந்த நம்பரை நான் நம்பினேன். உண்மையான நம்பர் தெரிஞ்சிருந்தா மருந்தை மாத்திப் பார்த்திருப்பேன், இவரை உட்கார வெச்சுத் திட்டியும் இருப்பேன். அப்படிச் செஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஏழு வருஷம் ஒண்ணுமே செய்யாம போயிடுச்சு" என்றார்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர்" என்றார் அத்தான். "எனக்குத் தெரியும். டீ எனக்குப் பிடிக்கும். அவ்வளவுதான்."

அக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் சர்க்கரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நான்தான் வெடித்தேன்.

"பிரேக் தேய்ஞ்ச வண்டியைத் தொட மாட்டேன்னு ஊரெல்லாம் பேசறீங்களே அத்தான். இவ யாரை நம்பி உட்கார்ந்திருக்கா? உங்களை நம்பித்தானே?" என்று கேட்டேன்.

அத்தான் தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, "இனிமே தேதி கிடையாது. எல்லா நாளும் டெஸ்ட் வாரந்தான்" என்றார்.

நான் நம்பவில்லை. ஒரு வாரம் தாங்குவார், அதுதானே அவர் பழக்கம் என்று நினைத்தேன். எட்டாம் நாள் டீக்கடை வாசலில் அவர் நின்றபோது, பார்த்தாயா என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். கடைக்காரர் டம்ளரை நீட்டினார். அத்தான் ஒரு வாய் குடித்துவிட்டு விளக்கெண்ணெய் குடித்த மாதிரி முகத்தைச் சுளித்தார். அந்த முகத்தைப் பார்த்ததும்தான் அதில் சர்க்கரை இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

அந்த ஆறு மாசம் வீடு வீடாக இல்லை. அத்தானுக்கு மூக்கின் மேல் கோபம். ரொட்டியைப் பார்த்தால் கோபம், காயைப் பார்த்தால் கோபம். வண்டி பாஸான அன்று முதலாளிகள் பாட்டிலோடு வந்தால் பட்டறையை முன்னதாகவே பூட்டிக்கொண்டு போய்விடுவார். "பெரிய மகான்" என்று அவர்கள் கேலி செய்வது என் மேஜைவரை கேட்கும். தொழிலை மட்டும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அந்தத் தீயணைப்பு சிலிண்டர் அப்போதும் பேருந்து பேருந்தாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. "உடம்பு வேற, பொழப்பு வேற" என்றார். டாக்டரம்மா புதிதாக ஒரு மாத்திரையும் சேர்த்திருந்தார். சாயங்காலம் அக்காவும் அவரும் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி நடந்தார்கள். முதலில் ஒரு சுற்றுக்கே உட்கார்ந்துவிட்டவர், போகப் போக அவளை முந்தி நடந்தார். சட்டைப் பொத்தான்களுக்கு விடுதலை கிடைத்தது.

பரிசோதனைக்கு நாள் நெருங்கியபோது அவருக்கு நடுக்கம் வந்துவிட்டது. "இந்த ஒரு வாரம் மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கலாமா?" என்று அக்காவிடம் கெஞ்சினார்.

"ஒண்ணும் வேண்டாம். என்ன இருக்கோ அது தெரியட்டும்" என்றாள் அக்கா.

தெரிந்தது. நூற்றைம்பதைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. டாக்டரம்மா எழுந்து நின்று கைகொடுத்தார் என்று அத்தான் சொன்னார். அதை அக்காவிடம் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டேன், ஏனென்றால் அத்தானின் வர்ணனை எப்போதும் கொஞ்சம் பெருகியே வரும். உண்மைதானாம். அன்று மத்தியானம் ரோட்டைக் கடந்து என் மேஜைக்கே வந்தார், ரிப்போர்ட்டை விசிறி மாதிரி வீசிக்கொண்டு.

"வக்கீலம்மா, இது ரெடி பண்ணாத வண்டி. ரோட்டுல ஓடுற கோலத்துலயே பாஸு" என்றார்.

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. எத்தனை வண்டிகளுக்கு அவர் சான்றிதழ் வாங்கிக் கொடுத்திருப்பார். நேர்மையாக வாங்கிய முதல் சான்றிதழ் இதுதான் என்று கேலி செய்தேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

அதிலிருந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. காலை வேளை. குழிக்குள் நின்று ஒரு பள்ளிக்கூட வேனுக்கு பிரேக் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வேன் டிரைவர் மேலே உட்கார்ந்து அவர் சொல்லும்போது பெடலை மிதித்துக்கொண்டிருந்தான். மிதி, விடு, மிதி என்று குரல் வந்துகொண்டே இருந்தது. பிறகு வரவில்லை. டிரைவர் மிதித்த காலை எடுக்காமல் காத்திருந்தான். அப்புறம் குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவருக்கு நினைவு இருந்தது. அக்கா வருவதற்குள் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பிறகு டாக்டரம்மா வெளியே வந்து, காப்பாற்ற முடியவில்லை என்றார். ஸ்டென்ட் வைத்த இடம் நன்றாகத்தான் இருந்ததாம். அடைத்தது வேறொரு குழாய்.

"ரொம்ப வருஷமா உள்ளே படிஞ்சு படிஞ்சு வந்திருக்கு. இந்த ஆறு மாசம் அவர் நல்லா இருந்தது வீண் இல்லம்மா. ஆனா அதுக்கு முன்னாடி ஆனதை அது முழுசா அழிச்சிடாது" என்றார்.

அக்கா தலையை ஆட்டினாள். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைத்தேன். 

வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் போய் வீடு அடங்கிய பிறகு அவள் என்னிடம் சொன்னாள், "உங்க அத்தான் என்னை மறுபடியும் ஏமாத்திட்டார்."

"என்னக்கா சொல்ற?"

"திருட்டுத்தனமா குடிச்சிருக்கார். சர்க்கரை போட்டு டீ குடிச்சிருக்கார். ரிப்போர்ட் நல்லா வந்துச்சு, மனுஷன் போயிட்டார். முன்ன மாதிரியே ஏதோ பண்ணி என்னை நம்ப வெச்சிருக்கார்."

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது அவரோடு ஆயிரம் வழக்காடியிருக்கிறேன், ஆனால் இது அநியாயம். "அக்கா, நாள் முழுக்க எதிர்ல உட்கார்ந்து பார்த்தவ நான். அவர் தொடல. செத்தவர் மேல வீண்பழி போடாதே" என்றேன்.

"உனக்குத் தெரியாது. அவர் கெட்டிக்காரர்" என்றாள்.

மறுநாள் அவள் பட்டறைக்கு வந்தாள். சாமான் அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். ஸ்பேனர்கள், கிரீஸ் டப்பா, பழைய லைனிங், அழுக்குத் துணி. அலமாரிக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தாள். குழிக்குள் இறங்கி மூலை மூலையாகத் தேடினாள். ஒரு காலி பாட்டில்கூட இல்லை. அங்கிருந்து டீக்கடைக்குப் போனாள். நான் என் வேலையை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே போனேன். 

"உண்மையைச் சொல்லுங்க. அவருக்குச் சர்க்கரை போட்டுக் குடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "சத்தியமா இல்லம்மா. ஒரு நாள் நான் மறந்து போட்டுட்டேன். ஒரு வாய் வெச்சவுடனே துப்பிட்டார். அப்படி ஒரு வைராக்கியம் நான் பார்த்ததில்ல" என்றார். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அந்த மனிதர் சொன்னார்.

அக்கா அதோடு விடவில்லை. பேருந்து முதலாளி ஒருவர் டீ குடிக்க வந்தார், முன்பெல்லாம் பாட்டிலோடு வருகிறவர்களில் முக்கியமானவர். அவரையும் மறித்துக் கேட்டாள்.

"நானே ஊத்திக் கையில குடுத்தேன், வாங்கல" என்றார் அவர். "ஒரு சொட்டு குடிச்சா என்ன ஆயிடும்னு கேட்டேன். 'என் வீட்டுக்காரி முகத்துல முழிக்கணும்யா'ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார். அப்படிப்பட்ட புருஷன் கிடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும்."

அக்கா பட்டறைக்குத் திரும்பி வந்து, தான் வெளியே எடுத்து வைத்த சாமான்களுக்கு நடுவில், மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தால் உட்காருகிற அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அவர் தொடவே இல்லையாம்" என்றாள்.

"நான்தான் நேத்தே சொன்னேனே" என்றேன். வழக்கில் ஜெயித்துவிட்ட குரலில் சொன்னேன். 

அதற்குப் பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் எதைத் தேடினாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் திருடிக் குடித்திருந்தால் போனது அவர் தப்பு. அவரைத் திட்டலாம், அவர் மேல் கோபப்பட்டே மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம். அவர் திருடவில்லை என்றால் மீதி இருப்பது அந்த ஏழு வருஷம்தான். அந்த ஏழு வருஷமும் டெஸ்ட் வாரம் நடத்தியவள் அவள்.

"உனக்குத் தெரியாதுக்கா. தெரியாம செஞ்சது. அத்தானே டாக்டர்கிட்ட சொன்னாரே" என்றேன். 

அவள் கிரீஸ் படிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு வாய். ஒரே ஒரு வாய் திருட்டுத்தனமா குடிச்சிருக்கக் கூடாதா இந்த மனுஷன்?" என்று கேட்டாள்.